கேளுங்கள், சொல்கிறேன்: தாத்தாவின் தோட்டாப் பெட்டி

கேள்வி: ஐயா, காலமான தாத்தாவின் .303 ரைஃபிளுக்கு என் பெயரில் உரிமம் வாங்கிவிட்டேன். அலமாரியில் அவருடைய பழைய ராணுவத் தோட்டாக்களும் இருக்கின்றன. அடியில் 7 என்று முத்திரை. சிலவற்றின் கழுத்தில் மயிரிழை விரிசல். இம்பாலா மான் வேட்டைக்கு எடுத்துப் போகலாமா? (வாசகர், டோங்காட், தென்னாப்பிரிக்கா)

பதில்: வேண்டாம் தம்பி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தவன் நான். தோட்டா வாங்க வருகிறவர்கள் குண்டின் முனையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பித்தளைக் கூட்டை. சுடும்போது அது விரிந்து குழலறைச் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அப்புறம் சற்றே சுருங்கி, போல்ட்டை (குழலறையை மூடும் பின்தாழ்) இழுத்ததும் வெளியே வர வேண்டும். விரிசல் விட்ட கூட்டை இந்த இரண்டுக்கும் நம்ப முடியாது.

இது பழைய வியாதிதான். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் சும்மா இருந்தபடியே வெடிப்பு விட்டன. தயாரிக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், குதிரை மூத்திரத்தின் அமோனியாவும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல் விளக்கினார்கள். தொழிற்சாலையிலேயே வெறும் கூட்டை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் இதற்கு வழி. உங்கள் அலமாரியில் குதிரை இல்லை, சரி. தரை துடைக்கும் அமோனியா திரவத்தையும் அங்கேயே வைப்பதுண்டா?

7க்குப் பக்கத்தில் இசட் எழுத்து இல்லையென்றால் உள்ளே இருப்பது கார்டைட், சேமியா மாதிரி நீளநீளமான வெடிமருந்து. சூடு அதிகம், குழலை அரிக்கும். அந்தக் காலத்துக் கேப்பு (தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடித்தால் குழலில் ஒருவகை உப்புப் படியும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவைக் கொண்டுவரும். டோங்காட் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். எண்ணெய்க்கு இந்த உப்பு கரையாது. முதலில் வெந்நீர், பிறகுதான் எண்ணெய். தாத்தா சுட்ட குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே குழிகள் இருந்தால் காரணம் இதுதான்.

இவ்வளவையும் மீறி அது வெடித்தாலும், இம்பாலாவுக்கு ஏற்ற குண்டு இல்லை. அடியில் உள்ள 7 என்பது மார்க் 7 என்ற வகை. 1910இல் வந்த இந்தக் குண்டுக்கு முழு உலோக உறை. முனைக்குள் லேசான அலுமினியம், பின்பக்கம் கனமான ஈயம். பட்டதும் புரளலாம், நேராகத் துளைத்தும் போய்விடலாம். காயத்தோடு ஓடிய விலங்கை அந்தி வரை தேடுவது வேட்டையில்லை, பாவம். ஈய முனை வெளியே தெரியும் குண்டு உள்ளே போய் மலரும், விலங்கு சீக்கிரம் விழும். இந்த மலரும் குண்டைத்தான் 1899இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த அமைதி மாநாட்டில் போருக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். போரில் ஆகாதது வேட்டையில் கருணை, விசித்திரம்தான்!

பெட்டியைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். 180 கிரெய்ன் (குண்டின் எடை, சுமார் 11.7 கிராம்) மென்முனைத் தோட்டா, அதாவது ஈய முனை தெரியும் வகை, புதிதாக வாங்குங்கள். பழையதும் புதியதும் ஒரே இடத்தில் படாது. அதனால் காட்டுக்குப் போகுமுன் ரேஞ்சில் 100 மீட்டரில் சுட்டுக் குறியைச் சரிசெய்துகொள்ளுங்கள்.