டிவியை விற்றுவிடாதீர்கள், சாவி அதற்குள்ளேதான் இருக்கிறது

டிவி, டெக், செட்டாப் பாக்ஸ்: வாசகர் கேள்விகளுக்கு நம் மெக்கானிக்கின் பதில்கள்

கேள்வி: அண்ணா, நாங்கள் ஜெர்மனியில் ஹம் நகரத்துக்குக் கிட்ட இருக்கிறோம். 2012-இல் எங்கள் காமாட்சி அம்பாள் கோயில் தேரை டபிள்யூடிஆர் தொலைக்காட்சியின் உள்ளூர்ச் செய்தியில் காட்டினார்கள். அதில் அம்மா கற்பூரச் சட்டியோடு நடந்து போகிறா. நாலு நிமிடம் இருக்கும். சாம்சங் டிவியில் (மாடல் யூஇ40டி6500) யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் செருகிப் பதிந்து வைத்தோம். அம்மா போன வருடம் காலமாகிவிட்டா. இப்போது வேறு கம்பெனியின் புது டிவி வாங்கியிருக்கிறோம். டிஸ்கை அதில் போட்டால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது. கம்ப்யூட்டரும் அதையே கேட்கிறது. பழைய டிவியில் ஏதோ மாற்றம் செய்தால் பதிவை வெளியே எடுக்கலாம் என்று மகன் சொல்கிறான். உண்மையா? பழைய டிவியைக் கேட்டு ஒருவர் சனிக்கிழமை வருகிறார்.
– வாசகி, ஹம்

பதில்: முதல் வேலை, சனிக்கிழமை வருகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் சகோதரி. அந்த டிவி போனால் பதிவும் போனது மாதிரிதான். இரண்டாவது, "ஃபார்மட் செய்யவா" என்று எந்தப் பெட்டி கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்துங்கள். உங்கள் டிஸ்கில் பழுது எதுவும் இல்லை. சாம்சங் டிவி அதை எக்ஸ்எஃப்எஸ் என்ற முறையில் ஃபார்மட் செய்து வைத்திருக்கிறது. அது லினக்ஸ் உலகத்துச் சரக்கு. விண்டோஸுக்கு அது படிக்கத் தெரியாது. தனக்குத் தெரியாத டிஸ்க் எல்லாம் காலி டிஸ்க் என்பது விண்டோஸின் நினைப்பு.

மகனிடம் ஒரு பென் டிரைவில் உபுண்டு லினக்ஸ் போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் அதை நிறுவ வேண்டியதில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும். அதில் உங்கள் டிஸ்கைச் செருகினால் திறக்கும். உள்ளே 'கன்டென்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே பெயரில் நாலைந்து ஃபைல்கள் இருக்கும், கடைசி எழுத்துகள் மட்டும் வேறுபடும். பெயர் நீளமான ஒரு எண். அதைப் பார்த்து மிரள வேண்டாம். முதலில் வருடம், அப்புறம் மாதம், தேதி, நேரம், அவ்வளவுதான். எஸ்ஆர்எஃப் என்று முடிவதுதான் படம். இன்எஃப் என்பதில் சேனல், நிகழ்ச்சி விவரம். கீ என்று ஒன்றும் இருக்கும். எது எதற்கு என்று யோசிக்காமல் அத்தனையையும் வேறொரு டிஸ்குக்கு நகல் எடுத்து வையுங்கள். மூல டிஸ்கில் எதையும் எழுதவோ அழிக்கவோ வேண்டாம்.

இப்போது நகலில் ஒரு எஸ்ஆர்எஃப் ஃபைலை எடுத்து, கடைசி எழுத்துகளை டிஎஸ் (.ts) என்று மாற்றி, விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள். படம் வந்தால் கதை இங்கேயே முடிந்தது. உங்கள் மாடலில் வராது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் பார்க்க ஒரு நிமிடம்தானே. சில டிவிகள் சில சேனல்களைப் பூட்டாமலே பதிகின்றன.

படம் வராததற்குக் காரணம், பதியும்போதே டிவி அதை ஏஇஎஸ் முறையில் 128 பிட் சாவி போட்டுப் பூட்டிவிடுகிறது. அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்தது அந்த ஒரு டிவிக்கு மட்டும். அதே மாடலில் பக்கத்து வீட்டு டிவி இருந்தாலும் திறக்காது. டிவியின் மெயின் போர்டை மாற்றினாலும் பழைய பதிவுகள் ஓடாமல் போகும். ஆகவே அந்த டிவி ரிப்பேருக்குப் போக நேர்ந்தால், "போர்டை மாற்றாதீர்கள், இருக்கிற போர்டையே சரிசெய்யுங்கள்" என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். காசு கட்டாமல் கிடைக்கிற சேனலில் வந்த உள்ளூர்ச் செய்திக்கு இத்தனை காவல் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதுதான் என் கட்சி. கட்டணச் சேனல்காரர்களையும் சினிமாக் கம்பெனிகளையும் திருப்திப்படுத்தப் போட்ட பூட்டு உங்கள் அம்மாவின் மேலும் விழுந்திருக்கிறது.

சரி, மகன் சொன்ன மாற்றத்துக்கு வருவோம். அவர் சொன்னது சரிதான், ஆனால் டிவியின் முதுகைக் கழற்றி ஸோல்டரிங் வைக்கிற வேலை இல்லை இது. மாற்றம் சாஃப்ட்வேரில். உங்கள் மாடல் எண்ணில் யூஇ என்றால் ஐரோப்பாவுக்குச் செய்தது, 40 என்பது அங்குலம், டி என்பது 2011-ஆம் வருடத்து வரிசை. இந்த டிவிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். லினக்ஸின் உரிம விதிப்படி அதன் மூல நிரலில் ஒரு பகுதியைக் கம்பெனி வெளியிட்டாக வேண்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டு 2009-இல் ஆர்வலர்கள் சிலர் சாமிகோ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். டிவிக்குள் நுழைந்து முழு அதிகாரம் பெறும் வழியை ஒவ்வொரு வருட வரிசைக்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். டி வரிசைக்கு வழி சுலபம். ஸ்மார்ட் ஹப்பில் (டிவியில் ஆப்கள் இருக்கிற பக்கம்) 'டெவலப்' என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்து, வீட்டுக் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைக் கொடுத்தால், அங்கிருந்து டிவி ஆப்பை இறக்கிக்கொள்ளும். செயலி எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்க்கச் சாம்சங்கே வைத்த கதவு அது. அந்த வழியாகச் சாமிகோ ஆப் உள்ளே போகிறது.

உள்ளே போன பிறகு இரண்டு வேலை செய்யலாம். இனிமேல் பதிவதைப் பூட்டாமல் பதியச் செய்யலாம். அது உங்களுக்கு வேண்டாம். பழைய பதிவின் சாவியை டிவியிடமிருந்தே எடுக்கலாம். உங்களுக்கு வேண்டியது இதுதான். கிடைத்த சாவியை வைத்துக் கம்ப்யூட்டரில் 'டிஆர்எம் டிகிரிப்ட்' என்ற சிறு நிரல் பூட்டைத் திறந்து, சாதாரண டிஎஸ் ஃபைலாகக் கொடுக்கும். படத்தின் தரம் ஒரு துளி குறையாது. டபிள்யூடிஆர் அன்று அனுப்பிய அதே பிட்கள்.

செய்வதற்கு முன்னால் ஒன்று முக்கியம். அந்த டிவியின் இன்டர்நெட் கேபிளை இப்போதே பிடுங்கிவிடச் சொல்லுங்கள், வைஃபை இருந்தால் அதையும் அணைக்கச் சொல்லுங்கள். தானாக அப்டேட் இறங்கினால் மேலே சொன்ன கதவு மூடிக்கொள்ளலாம், மூடினால் பழைய பதிப்புக்குத் திரும்புவது கஷ்டம். ஆப்பை ஏற்றும் நேரத்தில் மட்டும் டிவியை ரவுட்டரோடு இணைத்தால் போதும். இன்னொன்று, அவசரத்தில் வேறு மாடலுக்கான ஃபைலை ஏற்றினால் டிவி செங்கல்லாகிவிடும். சாவியும் அதோடு சமாதி. மகனுக்குக் கணினியில் கை பழக்கம் இல்லையென்றால், பழக்கம் உள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் நான் உங்கள் வீட்டில் இருந்தால் இதை மூன்றாவதாகத்தான் செய்வேன்.

முதலாவதாக, இன்று இரவே அந்த நாலு நிமிடத்தை டிவியில் ஓடவிட்டு ஒரு கேமராவில் படம் பிடித்துவிடுங்கள். டிவியில் எச்டிஎம்ஐ துளைகள் இருக்கின்றனவே, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போடலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவை அத்தனையும் உள்ளே வாங்குகிறவை, எதுவும் வெளியே கொடுக்காது. ஆகவே கேமராதான் வழி. அறையை இருட்டாக்குங்கள், கேமராவை ஸ்டாண்டில் திரைக்கு நேராக வையுங்கள், கையில் பிடிக்க வேண்டாம். ஐரோப்பிய ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவில் வினாடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று வையுங்கள். இல்லாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். சத்தத்தை டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒயர் போட்டு எடுங்கள். தரம் சுமார்தான். பிற்பாடு என்ன கெட்டுப்போனாலும் அம்மாவின் முகமாவது கையில் இருக்கும்.

இரண்டாவதாக, நிலையத்துக்கே எழுதிக் கேளுங்கள். ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு நிலையங்களில், சொந்தப் பார்வைக்காகக் கேட்கிறவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய நிகழ்ச்சியின் பிரதி தரும் வழக்கம் உண்டு. 'மிட்ஷ்னிட்சர்விஸ்' என்று கேட்டால் புரியும். தேதியும் நேரமும் துல்லியமாகச் சொன்னால் அவர்களுக்குத் தேடுவது எளிது. அது உங்களிடம் அந்த நீளமான எண்ணில் இருக்கிறதே! கிடைத்தால் டிவியைத் தொடவே வேண்டியதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்க இடம் கொடுக்கிறது. 95ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டை உடைக்கக் கூடாது என்கிறது. 108பி பிரிவில், தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் மட்டும் என்று செய்தால் கிரிமினல் தண்டனை கிடையாது. தண்டனை இல்லை என்பதால் அனுமதி என்று ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள். எதுவாக இருந்தாலும் எடுத்த பிரதியை யூடியூபில் போடாதீர்கள், குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல் கிடைத்த பிறகு அதை "கன்வர்ட்" செய்கிறேன் என்று எந்த மென்பொருளிலும் போட்டுக் கசக்க வேண்டாம். 'லாஸ்லெஸ்கட்' என்ற இலவச மென்பொருளில் வேண்டிய நாலு நிமிடத்தை மட்டும் வெட்டினால் போதும். அது படத்தைத் திரும்பச் சுருக்காது. எச்டி பதிவாக இருந்தால் 300 எம்பி அளவில் வரும். சாதாரணப் பதிவு என்றால் அதில் பாதியோ அதற்கும் குறைவோ.

கேள்வி: ஐயா, எங்கள் டிடிஎச் பாக்ஸ் உள்ளே ஹார்ட் டிஸ்க் வைத்தது. மகள் பேசிய பட்டிமன்றத்தை அதில் பதிந்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இணைப்பை நிறுத்தப் போகிறோம். பாக்ஸைக் கழற்றி டிஸ்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கழற்றிப் பிரயோசனம் இல்லை. அங்கேயும் பூட்டு உண்டு, சாவி பாக்ஸுக்கும் கார்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் ஹம் சகோதரிக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது. டிவி போல இல்லாமல், உங்கள் பாக்ஸ் படத்தை வெளியே கொடுக்கிற பெட்டி. எச்டிஎம்ஐ ஒயரை நம்பாதீர்கள், அதில் எச்டிசிபி என்ற காவல் இருக்கிறது, பதியும் கருவிக்குக் கறுப்புத் திரைதான் கிடைக்கும். பின்பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று ஏவி துளைகள் இருக்கும். (சில பாக்ஸில் ஒரே சின்னத் துளையாக இருக்கும், அதற்குத் தனி ஒயர் வேண்டும்.) அதிலிருந்து ஒரு யுஎஸ்பி வீடியோ கேப்சர் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கிற கருவி போதும். ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் பதியலாம். பாக்ஸில் ஓட விட்டுவிட்டு நீங்கள் சாப்பிடப் போகலாம், ஒரு மணி நேரப் பட்டிமன்றம் என்றால் ஒரு மணி நேரம் ஆகும். எச்டி தரம் கிடைக்காது, 576 வரிதான். பட்டிமன்றத்துக்குப் பேச்சுதானே முக்கியம், சத்தம் உடையாமல் வருகிறதா என்று முதல் இரண்டு நிமிடம் மட்டும் சோதித்துப் பாருங்கள்.

இணைப்பை நிறுத்தும் முன்பே செய்துவிடுங்கள். கணக்கு செத்த பிறகு பல பாக்ஸ்கள் பழைய பதிவையும் ஓட்ட மறுக்கும். நம் ஊர்ச் சட்டத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைப் பற்றியது. நீங்கள் எதையும் உடைக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கு 52-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

கேள்வி: மலேசியாவில் வாங்கிய டிஜிட்டல் பாக்ஸில் பென் டிரைவ் போட்டுப் பதிந்தேன். மூன்று மணி நேர நிகழ்ச்சி பல துண்டாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் தனித்தனியே ஓடுகிறது, ஆனால் நடுவில் ஒரு வினாடி விட்டுப் போகிறது. பாக்ஸில் கோளாறா?
– வாசகர், கிள்ளான்

பதில்: கோளாறு இல்லை. உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் பாக்ஸ் துண்டு போடுகிறது. பூட்டும் இல்லை என்பதால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. துண்டுகளைத் தனித்தனியே வெட்டி, மாற்றி, பிறகு ஒட்டுவதால்தான் அந்த ஒரு வினாடி விட்டுப் போகும். மாற்றுவதற்கு முன்பே அப்படியே வரிசையாக ஒட்டிவிடுங்கள். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் காப்பி என்ற கட்டளையோடு சாய்கோடும் பி-யும் சேர்த்து, துண்டுகளின் பெயர்களுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டு, கடைசியில் புதுப் பெயர் கொடுத்தால் ஒரே ஃபைலாகிவிடும். டிஎஸ் ஃபைல் 188 பைட் பொட்டலங்களின் வரிசை, எந்த இடத்தில் ஒட்டினாலும் பொருந்திக்கொள்ளும். ஒட்டிய ஃபைலைப் பென் டிரைவுக்கே திருப்பி எழுதப் பார்க்காதீர்கள், 4 ஜிபிக்கு மேல் அது வாங்காது.