ஜப்பானின் கடலோர ஊர்களில் சூஷியைத் தவிர உள்ளூர் ஸ்பெஷல் என்று என்ன சாப்பிடலாம்?

முதல் முறையாக ஜப்பான் போகிறீர்கள், ஹிரோஷிமா வரைக்கும் எப்படியும் போவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கிருந்து மட்சுயாமாவுக்குக் கப்பல் உண்டு. மட்சுயாமாவில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் உவாஜிமா. ஷிகோகு தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. நான் சொல்லப்போவது இந்த ஒரே ஊரைப் பற்றித்தான். ஹொக்கைடோ நண்டைச் சாப்பிட்டவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அந்தப் பக்கத்துக் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தவன் நான், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அங்கே ஜாகோதென் என்று ஒன்று விற்பார்கள். கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கடையில் சூடாக வாங்கிக் கையில் கொடுத்தார். பார்க்க ஒன்றும் அழகில்லை. சாம்பல் நிறத்தில், உப்ப மறந்த வடை மாதிரி இருந்தது. கடித்ததும் பல்லில் லேசாக நறநறவென்றது. மண் போலிருக்கிறது என்று நினைத்தேன். எலும்பாம். விலைபோகாத பொடிமீனைத் தலையும் குடலும் நீக்கி, தோலோடும் முள்ளோடும் அரைத்து, தட்டி, மாவில் தோய்க்காமல் அப்படியே எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். ருசி முழுக்க அந்த முள்ளில்தான் இருக்கிறது. மூன்று தின்றேன்.

நான் தூத்துக்குடிக்காரன். பள்ளிக்கூடத்துக்குச் சாளைக் குழம்பு கொண்டுபோன நாளெல்லாம் டிபன் மூடியைப் பாதிதான் திறப்பேன். சீலா மீன் என்றால் முழுசாகத் திறந்திருப்பேன். இந்த ஊரில் சாளையை விடச் சின்ன மீனை ஊரின் பெருமை என்று பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள்!

அங்கேயும் இளக்காரமாகப் பேச ஆள் இல்லாமல் இல்லை. 2023 அக்டோபரில் அகிதா மாகாண ஆளுநர் சதாகே நோரிஹிசா, ஷிகோகுவுக்குப் போனபோது மாட்டிறைச்சி ஸ்டேக்கை எதிர்பார்த்தால் ஜாகோதென் வைத்தார்கள், ஏழைத் தீனி என்கிற மாதிரி ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார். எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் ஜாகோதென்னுக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. செய்தியைப் படித்தபோது எனக்கு என்னவோ சொந்த ஊர் ஜெயித்த சந்தோஷம்.

அப்புறம் தாய்மேஷி. தாய் என்பது அங்கே ஒரு மீன், பார்க்க நம் சங்கரா போலச் சிவப்பாக இருக்கும். மேஷி என்றால் சோறு. பச்சை மீன் துண்டுகளையும் பச்சை முட்டையையும் சோயா கலந்த சாற்றில் கலக்கிச் சுடுசோற்றின் மேல் ஊற்றுவார்கள். படகில் தீ மூட்ட முடியாதவர்கள் கண்டுபிடித்த சாப்பாடு என்று கதை சொல்வார்கள். கவிச்சி அடிக்குமோ என்று பயந்தேன், இல்லை. 'பச்சையாவா தின்னே, சீ' என்று என் சித்தி இன்றைக்கும் கேட்கிறார். உங்களுக்கும் பச்சை மீன் ஆகாது என்றால் மட்சுயாமாவிலேயே சாப்பிடுங்கள். பெயர் அதேதான், ஆனால் அங்கே மீனைச் சோற்றோடு சேர்த்து வேக வைத்துவிடுவார்கள். சைவம் என்றால் எதிலும் கை வைக்கவேண்டாம், சாற்றிலேயே மீன் இருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்து சென்னையில் வீடு தேடினேன். பதினோரு வீடு பார்த்தேன். ஏழு இடத்தில் வாடகை பேசுவதற்கு முன்பே 'மீன் சமைப்பீங்களா?' என்று கேட்டார்கள். இப்போது இருக்கிற வீட்டுக்காரர் முட்டைக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். அதுவும் ஜன்னலைச் சாத்திவிட்டு.