விமானி வேலைக்குச் சேரும் தம்பிக்கு: சம்பளம், சேவை மூப்பு, ஊர்க்கடன்

தம்பி, கனடாவின் வட ஒன்ராறியோவில் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானியாக வேலை கிடைத்திருப்பதாகவும், அவர்கள் தருவதாகச் சொல்லும் சம்பளம் ஊரில் எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பதிலும் மிகக் குறைவாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர். இரண்டொரு ஆண்டில் வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மாறுவது நல்லதா, வரும் பணத்தில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஈட்டில் இருக்கும் காணியை முதலில் மீட்பதா, ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் நகரில் வீடு வாங்குவதற்கு முற்பணம் சேர்ப்பதா என்றும் கேட்டிருந்தீர். உமது கடிதம் கிடைத்தபோது நான் விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் நிற்கிறேன். உமது தகப்பனாரையும் கண்டு பேசிவிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில் சம்பளம். வட அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் விமானியின் ஊதியம் பெரும்பாலும் மணித்தியாலக் கணக்கில் அமைகிறது. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரம் முதல் சேருமிடத்தில் நிறுத்தப்படும் நேரம் வரைதான் முழுக் கணக்கில் சேரும். மாதத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று ஒரு குறைந்தபட்ச உத்தரவாதமும் உண்டு. சிறிய நிறுவனங்கள் சில நிலையான மாதச் சம்பளமும் தருகின்றன. இம்முறை சென்னையிலிருந்து பலாலிக்கு ஏ.ரி.ஆர். 72 விமானத்தில் வந்து இறங்கியபோது, நல்ல வெயிலில் மஞ்சள் மேலங்கியுடன் ஒருவர் விமானத்தைச் சுற்றி நடந்து, சில்லுகளைக் குனிந்து பார்த்து, விசிறி இதழ்களை ஒவ்வொன்றாக நோக்கிக்கொண்டிருந்தார். பறப்புக்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் இந்தச் சோதனை, கனடாவில் நீர் செய்யப்போகும் வேலையிலும் நாளுக்குப் பலமுறை வரும். மணித்தியாலக் கணக்கில் ஊதியம் தரும் இடங்களில் அந்த நேரத்துக்கு முழுக் கூலி கிடைப்பதில்லை. ஆகவே, பன்னிரண்டு மணித்தியாலம் சீருடையில் இருந்த நாளில் ஐந்து அல்லது ஆறு மணித்தியாலம் மட்டுமே சம்பளக் கணக்கில் ஏறும் நாட்கள் உண்டு என்பதை மனத்தில் வைத்தே உமது வரவுசெலவைத் திட்டமிட வேண்டும். வெளியூரில் தங்கும் நாட்களுக்கு வரும் உணவுப்படியையும் சம்பளமாக எண்ணாதீர்; ஹோட்டல் சாப்பாட்டிலேயே அது கரைந்துவிடும்.

சம்பளத்தைவிடப் பெரிய விடயம் சேவை மூப்பு. ஒரு நிறுவனத்தில் சேர்ந்த நாளில் உமக்கு ஓர் இலக்கம் தருவார்கள். எந்த விமானத்தில் பறப்பீர், எந்த நகரத்தைத் தளமாகக் கொள்வீர், எப்போது கப்டன் ஆவீர், தைப்பொங்கலுக்கு வீட்டில் இருப்பீரா என்பதெல்லாம் அந்த இலக்கத்தைப் பொறுத்தே அமையும். நிறுவனம் மாறினால் இந்த இலக்கம் கூடவே வராது. இருபது ஆண்டு கப்டனாகப் பறந்தவரும் புதிய இடத்தில் வரிசையின் கடைசியில் நின்றுதான் தொடங்க வேண்டும். ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்களே முதலில் வெளியேற வேண்டியிருக்கும். 2020 மே மாதத்தில் எயர் கனடா குறைந்தது 20,000 ஊழியர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, இந்த வரிசையின் பொருள் என்ன என்பதை எங்கள் பிள்ளைகள் பலரும் நேரில் உணர்ந்தார்கள். ஆகையால், வடக்கில் கிடைத்த வேலையைச் சம்பளத்தைக் கொண்டு அளக்க வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து. பெரிய விமானங்களின் கப்டன் ஆவதற்கு வேண்டிய உரிமத்துக்குக் கனடாவில் 1,500 மணித்தியாலப் பறப்பு அனுபவம் வேண்டும். அந்த மணித்தியாலங்களை விரைவாகச் சேர்த்து, நீண்டகாலம் இருக்கப்போகும் நிறுவனத்தின் வரிசையில் இளவயதிலேயே பெயரைப் பதிவுசெய்வதே உமது முதல் நான்கைந்து ஆண்டுகளின் நோக்கமாக இருக்க வேண்டும்.

பெரிய நிறுவனத்திலும் தொடக்க ஆண்டுகள் ஒடுக்கமானவையே. எயர் கனடாவில் புதிதாகச் சேர்பவர்கள் முதல் நான்கு ஆண்டுகள் நிலையான குறைந்த ஊதியத்திலேயே இருந்தார்கள். 2024 ஒக்ரோபரில் 5,000க்கு மேற்பட்ட விமானிகளின் சார்பில் தொழிற்சங்கம் பெற்ற ஒப்பந்தத்தில், நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 42 வீத ஊதிய உயர்வுடன், அந்தத் தொடக்கக் காலமும் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. விமானிகள் தொழிற்சங்கமாக ஒன்றுசேர்ந்து பேரம்பேசியதால்தான் இது கிடைத்தது. சந்தாப் பணம் கழிவதைப் பார்த்து மனம் சலிக்க வேண்டாம்.

வளைகுடா விடயத்தில் நான் அவசரப்பட மாட்டேன். வருமான வரி இல்லை, வீட்டு வசதி உண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவி உண்டு என்பவை உண்மையே. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிற்சங்கம் அமைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. 2020இல் அங்கே வேலை இழந்த விமானிகளுக்காக வாதாட ஓர் அமைப்பும் இருக்கவில்லை. அதைவிட முக்கியமாக, உமது நிரந்தர வதிவுரிமையைக் காப்பாற்ற ஐந்து ஆண்டுகளில் 730 நாட்களாவது கனடாவில் இருக்க வேண்டும். மனைவியையும் வீட்டையும் கனடாவில் வைத்துவிட்டு அங்கே உழைத்தால், கனடிய வரித்துறை உம்மைக் கனடாவில் வதிபவராகவே கருதி, உலகில் எங்கு உழைத்த பணத்துக்கும் வரி கேட்கும். குடியுரிமை கிடைக்கும் முன் இந்த யோசனையைத் தூக்கி வையும்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மாமா வீட்டில் இருந்துகொண்டு வேலைத்தளத்துக்குப் போய்வரலாம் என்று உறவினர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர். வாடகை மிச்சப்படும் என்பது சரி. ஆனால் நீண்ட பயணத்தின் களைப்பையும் எண்ணிப் பாரும். 2009 பெப்ரவரியில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகில் விழுந்து 50 பேரைப் பலிகொண்ட கொல்கன் எயர் விமானத்தின் துணை விமானி, அதற்கு முந்திய இரவு முழுவதும் சியாற்றிலிலிருந்து பயணம் செய்து வேலைக்கு வந்தவர். கப்டனின் தவறான எதிர்வினையே விபத்துக்குக் காரணம் என விசாரணைச் சபை முடிவு செய்தாலும், பிராந்திய விமானிகளின் களைப்பும் குறைந்த ஊதியமும் அதன்பின்தான் பெரிய பேசுபொருளாயின. தளத்துக்கு அருகில் ஓர் அறை எடுத்து இரும். அந்த வாடகையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன். விமானியின் உரிமம் மருத்துவச் சான்றிதழில் தங்கியிருக்கிறது. கனடாவில் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையும், வயது கூடும்போது சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை. தெற்காசியரான எங்களுக்கு நீரிழிவும் இதயநோயும் ஒப்பீட்டளவில் இளவயதிலேயே வருகின்றன. வேறு அலுவலகத்தில் மருந்து எடுத்துக்கொண்டு தொடரக்கூடிய நோய்கூட, விமானியை மாதக்கணக்கில் தரையில் இருத்திவிடும், சிலரை நிரந்தரமாகவும். எனவே நீண்டகால இயலாமைக் காப்புறுதியும், உரிமம் இழந்தால் பணம் தரும் காப்புறுதியும் முதல் சம்பளத்திலிருந்தே இருக்க வேண்டும். இயலாமைக் காப்புறுதியின் கட்டணத்தை நீரே செலுத்தினால், பின்னர் வரும் கொடுப்பனவுக்கு வரி இல்லை. நிறுவனம் செலுத்தினால் வரி உண்டு. ஆட்சேர்ப்பு அலுவலரிடம் இதைக் கட்டாயம் கேளும். ஓய்வூதியச் சேமிப்புக்கு நீர் போடும் பணத்துக்கு ஈடாக நிறுவனமும் போடுமாயின், அந்த அளவுவரை தவறாமல் போடும்.

அதன்பின் காணி. உமது தகப்பனார் மாதாமாதம் கட்டும் வட்டியை ஒரு சீ.ஆர். கொப்பியில் நாள் குறித்து எழுதி வைத்திருக்கிறார். பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். கடனின் முதல்தொகை இன்னும் அசையவில்லை. உம்மிடம் காசு கேட்கும்படி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, காணி உறுதி வீட்டில் இல்லை என்று மட்டும் சொன்னார். கணக்கைப் பார்த்தாலும் இதுவே முதலில் தீர்க்க வேண்டிய கடன்: வட்டி கனடாவில் நீர் வாங்கக்கூடிய எந்த வீட்டுக் கடனையும்விட அதிகம்; கடன் ரூபாவிலும் உமது உழைப்பு டொலரிலும் இருக்கின்றன. 2022இல் அமெரிக்க டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த மதிப்பு 360 ரூபா வரை சரிந்ததால், வெளிநாட்டில் உழைப்பவர்களுக்கு ஊர்க்கடனின் சுமை குறைந்தது. வட்டியை மட்டும் அனுப்பிக்கொண்டிராமல், முதல்தொகையும் குறையும்படி ஒரு தொகையை ஒழுங்காக வங்கிமூலம் அனுப்பி, காணி மீண்டபின் அம்மாவின் அடைவு நகையைப் பாரும்.

வீடு அதன்பிறகு போதும். முதல் வீடு வாங்குவோருக்கென 2023இல் கனடா கொண்டுவந்த சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 8,000 டொலர்வரை, மொத்தம் 40,000 டொலர் போடலாம். போடும்போது வரி குறையும், வீட்டுக்காக எடுக்கும்போதும் வரி இல்லை. கணக்கைத் திறந்த ஆண்டிலிருந்துதான் பணம் போடுவதற்கான வரம்பு சேரும் என்பதால், சிறு தொகையுடனாவது இப்போதே திறந்து வையும். ஆறு மாதச் செலவு கையிருப்பில் சேரும்வரை சீட்டில் சேர வேண்டாம். எழுத்தில் எதுவும் இல்லாத அந்தப் பணத்தை, ஆட்குறைப்பு வரும் மாதத்தில் திருப்பிக் கேட்க உமக்கு வழி இருக்காது.

கடைசியாக, பயிற்சிச் செலவுக்காக நிறுவனம் கேட்கும் பிணை ஒப்பந்தம். எத்தனை மாதம் கட்டுப்பட வேண்டும், இடையில் விலகினால் தொகை மாதாமாதம் குறையுமா, நிறுவனமே வேலையை நிறுத்தினாலோ மருத்துவச் சான்றிதழ் போனாலோ நீர் கட்ட வேண்டுமா என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கையெழுத்திடுமுன் அதன் பிரதியை எனக்கு அனுப்பும். அடுத்த கிழமை நான் ரொறன்ரோ வந்துவிடுவேன். இருந்து வரிவரியாகப் பார்ப்போம்.