கேள்வி – பதில்: இரண்டு லீக்குகளும் நேருக்கு நேர் நின்ற நாள்

பேஸ்பாலில் ஆண்டுதோறும் நடக்கும் ‘ஆல் ஸ்டார்’ ஆட்டத்தைத் தொடங்கியவர் ஒரு பத்திரிகையாளர் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

உங்கள் நண்பர் சொல்வது சரிதான். சிகாகோ நகரம் உருவாகி நூறு ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட 1933இல் அங்கே ஒரு பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அதையொட்டி விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றும் வேண்டும் என்று மேயர் எட்வர்ட் கெல்லி விரும்பினார். ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழின் விளையாட்டுப் பிரிவு ஆசிரியர் ஆர்ச் வார்ட், அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலிருந்தும் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு நாள் மோதவிடலாம் என்று யோசனை சொன்னார். பருவத்தின் நடுவே ஒரு நாளை இதற்காக விட்டுக்கொடுக்க அணி உரிமையாளர்கள் சிலர் தயங்கினாலும், பொருளாதார மந்தத்தால் மைதானங்களில் கூட்டம் குறைந்து வந்த அந்தக் காலத்தில் ஒரு பெரிய நாளிதழ் இலவசமாக விளம்பரம் செய்ய முன்வந்ததை அவர்களால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க நாடு முழுவதும் பல நாளிதழ்கள் வாக்குச் சீட்டுகளை அச்சிட்டன. என்னைக் கேட்டால், வார்டின் உண்மையான சாமர்த்தியம் ஆட்டத்தைவிட இதில்தான் இருந்தது. ஆட்டம் தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே அது மக்களின் பேச்சாகிவிட்டது. சிகாகோவின் இரண்டு மைதானங்களில் எது என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தார்கள். காமிஸ்கி பார்க்குக்கு வாய்த்தது. 1933 ஜூலை 6 அன்று அங்கே 47,595 பேர் கூடினார்கள். ஒரு தடவை மட்டும் நடப்பதாகச் சொல்லித் தொடங்கப்பட்ட அந்த ஆட்டம், மறு ஆண்டே நியூயார்க்கில் மீண்டும் நடந்தது.

ஒரே நாட்டின் இரண்டு லீக்குகளுக்கு இடையே அப்படி என்ன பகை?
– வாசகி, கோயம்புத்தூர்

நேஷனல் லீக் 1876இல் தொடங்கியது. 1901இல் தன்னையும் முதல்தர லீக் என்று அறிவித்துக்கொண்ட அமெரிக்கன் லீக், மூத்த லீக்கின் ஆட்டக்காரர்களை அதிகச் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டது. 1903இல் சமாதானம் ஏற்பட்டு, இரு லீக்குகளின் வெற்றி அணிகளும் ‘வேர்ல்ட் சீரிஸ்’ தொடரில் மோதின. அதைத் தவிர இரண்டும் பருவ ஆட்டங்களில் சந்திக்கவே இல்லை. அந்த வழக்கம் 1997இல்தான் மாறியது. ஆகவே நேஷனல் லீக் அணிகள் மட்டுமே உள்ள ஊர் ஒன்றில் இருந்த ரசிகருக்கு, மற்ற லீக்கின் பெரிய ஆட்டக்காரர் பெரும்பாலும் நாளிதழில் படிக்கும் ஒரு பெயர் மட்டுமே.

1933இல் இரு அணிகளுக்கும் பொறுப்பேற்றவர்களைப் பார்த்தால் இந்தப் பகையின் வரலாறு முழுவதும் தெரியும். நேஷனல் லீக்குக்கு ஜான் மெக்ரா. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை முப்பது ஆண்டுகள் நடத்தி, முந்தைய ஆண்டுதான் உடல்நலம் குன்றி விலகியிருந்தவர். 1904இல் அமெரிக்கன் லீக்கின் வெற்றி அணியோடு மோத மறுத்து, அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸே நடக்காமல் போகக் காரணமாயிருந்தவர்களில் இவரும் ஒருவர். எதிரில், பிலடெல்பியா அதலெட்டிக்ஸ் அணியின் கோனி மேக். எழுபது வயதிலும் சீருடை அணியாமல் கோட்டும் சூட்டுமாக அமர்ந்து அணியை நடத்தியவர். இருவரும் 1905, 1911, 1913 ஆகிய ஆண்டுகளின் வேர்ல்ட் சீரிஸில் மோதியிருந்தார்கள். மெக்ரா முதலாவதில் வென்றார், மற்ற இரண்டில் மேக். சிகாகோ ஆட்டத்திற்கு எட்டு மாதங்களுக்குள், 1934 பிப்ரவரியில் மெக்ரா காலமானார்.

பேப் ரூத் அந்த ஆட்டத்தில் என்ன செய்தார்? பேஸ்பால் அறியாதவருக்கும் புரியும்படி சொல்லுங்கள்.
– வாசகர், யாழ்ப்பாணம்

அமெரிக்கன் லீக் அணிக்காக ஆடிய ரூத்துக்கு அப்போது 38 வயது. உடல் கனத்து, ஓட்டம் குறைந்துவிட்டது. ஆனாலும் மூன்றாவது இன்னிங்ஸில், அவருடைய அணியின் சார்லி கெரிஞ்சர் முதல் பேஸில் (ஒரு ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவது) நின்றிருக்க, நேஷனல் லீக்கின் பில் ஹாலஹான் வீசிய பந்தை ரூத் வலப்பக்க எல்லைக்கு அப்பால் ரசிகர்களிடையே அடித்தார். இதுதான் ஹோம் ரன். அடித்தவரோடு, ஏற்கெனவே பேஸில் நிற்பவரும் ஓடி வந்து சேர்வதால் இரண்டு ரன்கள் கிடைத்தன. ஆல் ஸ்டார் ஆட்டங்களின் வரலாற்றில் முதல் ஹோம் ரன் அது. எட்டாவது இன்னிங்ஸில் சிக் ஹேஃபி தூக்கி அடித்த பந்தை வலப்பக்கச் சுவருக்கு அருகே ஓடிப் பிடித்ததும் அதே ரூத்தான். அமெரிக்கன் லீக் 4–2 என்று வென்றது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. அந்த ஆட்டத்தின் முதல் ரன்னைப் பெற்றுத் தந்தவர், மட்டை பிடிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்திருந்த பந்துவீச்சாளர் லெஃப்டி கோமஸ். அவர் அடித்த பந்தில்தான் ஜிம்மி டைக்ஸ் ஓடி வந்தார்.

காட்சி ஆட்டம்தானே, எல்லாரையும் ஆட வைத்திருப்பார்களே?
– வாசகி, மதுரை

அப்படித்தான் பலரும் எதிர்பார்த்தார்கள், ஆனால் கோனி மேக் வெல்ல வந்திருந்தார். முந்தைய ஆண்டு 58 ஹோம் ரன்கள் அடித்த ஜிம்மி ஃபாக்ஸ் அவருடைய சொந்த அணிக்காரர். இருந்தும் களத்தில் அதே இடத்தில் ஆடும் லூ கெரிக்கை முழுவதுமாக ஆடவிட்டு, ஃபாக்ஸை இறுதிவரை வெளியே உட்கார வைத்தார். திரட்டிய தொகையில் செலவு போக எஞ்சிய சுமார் 45,000 டாலர், வறுமையில் வாடிய முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு உதவும் சங்கத்திற்குச் சென்றது.

அன்று அமெரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர்கள் அனைவரும் அங்கே இருந்தார்களா?
– வாசகர், சென்னை

இல்லை. இரு லீக்குகளும் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எழுதப்படாத அந்தத் தடை 1947இல் ஜாக்கி ராபின்சன் வந்தபோதுதான் உடைந்தது. ஆகவே வாக்குச் சீட்டில் அவர்களுடைய பெயர்களுக்கே இடமில்லை. அவர்கள் சும்மா இருக்கவில்லை. கறுப்பின ஆட்டக்காரர்களின் அணியான பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸின் உரிமையாளர் கஸ் கிரீன்லீ முன்னின்று நடத்த, கறுப்பின மக்களின் பத்திரிகைகள் வாசகர் வாக்குகளைத் திரட்ட, அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று அதே காமிஸ்கி பார்க்கில் கிழக்கு–மேற்கு ஆட்டம் நடந்தது. மேற்கு அணியின் வில்லி ஃபாஸ்டர் ஆட்டம் முழுவதும் தனியாளாகப் பந்து வீசினார். மியூல் சட்டில்ஸ் ஹோம் ரன் அடித்தார். மேற்கு அணி 11–7 என வென்றது. அன்று வந்தவர்கள் சுமார் 20,000 பேர். பத்தாண்டு கழித்து, 1943இல், கிழக்கு–மேற்கு ஆட்டத்தைக் காண 50,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அந்த ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்திற்கு வந்தவர்கள் 32,000 பேருக்கும் குறைவு.