ஸ்கிரீன் ரீடர் படிக்கலையா? முதல்ல ஃபைலைப் பாருங்க

கேள்வி: என் தம்பிக்குச் சுத்தமா பார்வை கிடையாது. காலேஜ் முடிச்சு இப்பதான் ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ்ல சேர்ந்திருக்கான். ஸ்கிரீன்ல இருக்கறதைக் குரல்ல படிச்சுக் காட்டற என்விடிஏங்கற ஸ்கிரீன் ரீடர் வச்சுதான் வேலை பாக்குறான், ஆனா ஆபீஸ் ஃபைல்ல பாதி படிக்கவே மாட்டேங்குதாம். காசு போட்டு ஜாஸ்ங்கற இன்னொரு ஸ்கிரீன் ரீடரை வாங்கிட்டா சரியாகுமா? மேனேஜர்கிட்ட நான் பேசட்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்கிடாதீங்கம்மா. சும்மா கிடைக்குதுங்கறதாலயே என்விடிஏவை மட்டமா நினைக்கிறவங்க நிறைய பேர், அது தப்பு. மைக்கேல் கரன்னு பார்வையில்லாத ஒருத்தர் 2006ல ஆரம்பிச்சது அது, எக்செல், வேர்டு, பிரவுசர் எல்லாத்துலயும் நல்லா ஓடும்.

எந்த ஃபைல் படிக்கலைன்னு தம்பிகிட்ட கேளுங்க. ஸ்கேன் பண்ணின பில்லா இருந்தா அது வெறும் போட்டோ, உள்ள எழுத்தே கிடையாது, எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் நேரா படிக்காது. என்விடிஏ ஓடும்போது இன்செர்ட் கீயோட ஆர் கீயை அழுத்தினா விண்டோஸ் ஓசிஆர், அதாவது போட்டோல இருக்கற எழுத்தை அடையாளம் காணற வசதி, எழுத்தைப் பிரிச்சுக் கொடுக்கும்தான், ஆனா 3 வந்து 8 ஆயிடலாம், கணக்கு வேலையில அதை நம்பி உக்கார முடியாது, ஒரிஜினல் ஃபைலைத்தான் கேட்டு வாங்கணும். எக்செல்லயும் இதே கதைதான், "சிவப்பு கலர்ல இருக்கறதெல்லாம் பாக்கி"ன்னு கூட இருக்கறவங்க அனுப்புவாங்க, என்விடிஏ ஒவ்வொரு கட்டத்துலயும் தொகையைச் சொல்லிட்டுப் போயிட்டே இருக்கும், கலரைத் தானா சொல்லாது. பக்கத்துல ஒரு காலம் (column) போட்டு "பாக்கி"ன்னு டைப் பண்ணச் சொல்லுங்க, போதும்.

ஆபீஸுக்குன்னே செஞ்ச சாஃப்ட்வேர் ஏதாவது முரண்டு பிடிச்சா மட்டும் ஜாஸைப் பத்தி யோசிக்கலாம். லைசென்ஸ் இல்லாமலே ஒரு தடவைக்கு 40 நிமிஷம் ஓடும், அந்த சாஃப்ட்வேர்லயே போட்டுப் பாத்துட்டு முடிவெடுங்க. வேலைக்குத்தானே வேணும், அதனால ஆபீஸே வாங்கித் தரணும்னு கேக்கறதுதான் நியாயம்.

மேனேஜர்கிட்ட அவனே பேசட்டும். நீங்க போனா நாளைக்கு எல்லாத்துக்கும் உங்களைத்தான் தேடுவாங்க. என்விடிஏ மெனுவுல டூல்ஸ்க்குள்ள ஸ்பீச் வியூவர்னு இருக்கு, அதை ஓபன் பண்ணினா காதுல விழற அத்தனையும் ஸ்கிரீன்ல எழுத்தா வரும். அந்த ஸ்கேன் பில்லை மேனேஜர் முன்னாடியே திறந்து காட்டச் சொல்லுங்க, எங்க நிக்குதுன்னு அவரே பாத்துக்குவார்.

கேள்வி: மீட்டிங்ல ஸ்கிரீன் ரீடர் குரலும் பேசறவங்க குரலும் மோதிக்குது, என்ன பண்றது?

பதில்: ரீடருக்கு மட்டும் ஒரு காதுல இயர்போன் போட்டுக்கோங்க. ஸ்லைடை முந்தின நாளே அனுப்பச் சொல்லி வாசிச்சுட்டுப் போனீங்கன்னா மீட்டிங்ல ரீடரை நிறுத்தியே வச்சுக்கலாம்.