வாடிக்கையாளர்கள் பேநவ் பக்கம் வரை வந்து திரும்பிப் போகிறார்களா?

சிங்கப்பூரில் நீங்கள் நடத்தும் இணையப் பலகாரக் கடையில், பேநவ் (கைத்தொலைபேசி எண்ணுக்கோ நிறுவன எண்ணுக்கோ வங்கிச் செயலி வழியாகப் பணம் அனுப்பும் முறை) மூலம் பணம் கட்டும் பக்கத்திலேயே, கியூஆர் படத்துக்குப் பக்கத்தில், கடையின் யூஇஎன் எண்ணையும் (நிறுவனப் பதிவு எண்) அக்ராவில் (நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பு) பதிந்த பெயரையும் போடுங்கள். முறுக்கையும் அதிரசத்தையும் தேர்ந்தெடுத்தவர்கள் பேநவ்வில் நின்றுவிடுகிறார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் காரணம் விலை இல்லை, பெயர்தான் என்று நினைக்கிறேன்.

தளத்தில் இருப்பது கடைப் பெயர். உங்கள் கைத்தொலைபேசி எண்ணுக்கு அனுப்பப் போனால் வங்கிச் செயலியில் பெரும்பாலும் உங்கள் சொந்தப் பெயர்தான் வரும். மோசடி பற்றி இவ்வளவு எச்சரிக்கை கேட்கிற ஊரில் யாருக்கும் அங்கே கை தயங்கும்.

தோழி ஒருவரை ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பச் சொல்லுங்கள். உறுதிசெய்வதற்கு முன் திரையில் வரும் பெயரை அவர் படம் பிடித்து அனுப்பட்டும்.

இன்னொன்று, யூஇஎன் எண்ணுக்கே பேநவ் வாங்க வணிக வங்கிக் கணக்கு வேண்டும். அது வரும்வரை, "அனுப்பும்போது இந்தப் பெயர் வரும், உரிமையாளர் நான்தான்" என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.