கோடாக் தியேட்டரும் டால்பி தியேட்டரும் ஒன்றுதானா? பெயரின் எழுத்துமுறை ஏன் பிரிட்டிஷ் பாணியில் உள்ளது?

இரண்டும் ஒரே கட்டடம்தான். ஹாலிவுட்டில் 2001 நவம்பரில் திறக்கப்பட்ட இவ்வரங்கின் பெயருரிமையை 20 ஆண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு கோடாக் நிறுவனம் பெற்றிருந்தது. ஆனால் 2012 ஜனவரியில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியதும் ஒப்பந்தம் முறிந்து, அதே ஆண்டிலேயே டால்பியின் பெயர் ஏறியது. ஆகவே 2009-இல் ஏ. ஆர். ரகுமான் இரண்டு ஆஸ்கர்களைப் பெற்று, தமிழில் இறைவனைப் புகழ்ந்த மேடையைக் கோடாக் என்று குறிப்பிடுவதே பொருத்தம் என்பேன்.

எழுத்துமுறையைப் பொறுத்தவரை, அமெரிக்கர்கள் பொதுவழக்கில் 'தியேட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 'இ-ஆர்' (theater) என முடித்தாலும், நியூயார்க்கின் நாடகப் பகுதியான பிராட்வே உட்பட அங்குள்ள நாடக அரங்குகள் பல தம் பெயரில் 'ஆர்-இ' (theatre) என்ற பழைய முடிவையே விரும்புகின்றன. அது ஒரு கௌரவச் சாயல், அவ்வளவே. சிறப்புப் பெயரை உரியவர் எழுதும்படியே எழுத வேண்டும்.

கட்டடக் கலைஞர் டேவிட் ராக்வெல்லின் நிறுவனம் வடிவமைத்த இவ்வரங்கு ஏறத்தாழ 3,400 பேர் அமரக்கூடியது. நேரலை ஒளிபரப்பை முதலிலிருந்தே மனத்தில் கொண்டு திட்டமிட்டதால், ஒலி, ஒளி, கேமரா கட்டுப்பாட்டுக்கான இடம் பார்வையாளர் இருக்கைகளுக்கு நடுவிலேயே அமைந்துள்ளது. நுழைவழித் தூண்களில் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற படங்களின் பெயர்கள் ஆண்டுவாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன; வருங்கால வெற்றியாளர்களுக்கும் அவற்றில் இடம் விட்டிருக்கிறார்கள்.